கரிசல் மேல் ஒரு சரள் பாதை: ஏழு வருஷ அனுபவம்

கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை எங்கள் வீட்டுக்கு 60 அடி நீளம், 10 அடி அகலத்தில் ஒரு பாதை. கோவில்பட்டிப் பக்கம், சுத்தமான கரிசல் பூமி. 2018-இல் வீடு கட்டி முடித்தபோது கையிலிருந்த காசும் முடிந்துபோயிருந்தது. பேவர் பிளாக் போட சதுர அடிக்கு 65 ரூபாய் கேட்டார்கள். கணக்குப் போட்டால் 39,000. சரி, இப்போதைக்கு சரள் (செம்மண் கலந்த பொடிக்கல்) அடிப்போம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டோம். அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை.

முதல் தடவை போட்டது மொத்தமும் வீண். கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் நீரைக் குடித்து உப்பும். அதன் மேல் 2 யூனிட் சரளை, அதாவது 200 கன அடியை, நேராகக் கொட்டி ஜேசிபி பக்கெட்டால் தட்டிவிட்டோம். நாலு அங்குலக் கனம் வந்தது. பங்குனியில் போட்டது ஐப்பசி வரை செக்கச்செவேலென்று அழகாகத்தான் இருந்தது. முதல் அடைமழையில் கார் சக்கரம் பாதி வரை புதைந்து, டிராக்டர் கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் சரளையே காணோம். கல் கீழே இறங்கி, கரிசல் மேலே பிதுங்கி வந்திருந்தது.

சரளிலும் கோளாறு இருந்தது. "நல்ல சரள் அண்ணாச்சி" என்று சொல்லித்தான் இறக்கினார்கள்; பாதிக்குப் பாதி களிமண். இப்போதெல்லாம் லோடு இறக்குமுன் ஒரு கைப்பிடி எடுத்து நனைத்துப் பிசைந்து பார்க்கிறேன். உருட்டினால் கொழுக்கட்டை மாதிரி வழவழவென்று நின்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். கொஞ்சமும் ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்தாலும் ஆகாது, அது சக்கரம் பட்டதும் இரண்டு பக்கமும் ஒதுங்கிவிடும். உருண்டை பிடித்து, லேசாக அழுத்தியதும் உடைய வேண்டும்.

2019 சித்திரையில் திரும்ப ஆரம்பித்தோம். 9 அங்குலம் கரிசலைத் தோண்டி வெளியே எடுத்து (வேப்ப மரத்தடிக்கும் கொய்யாவுக்கும் போனது), அடியில் 3 அங்குலம் கிரஷர் தூள் (கல் உடைக்கும்போது வரும் பொடி), அதன் மேல் 4 அங்குலம் ஒன்றரை அங்குல ஜல்லி, மேலே 4 அங்குலம் சரள். தூள் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். ஜல்லியின் இடுக்கு வழியாகக் கரிசல் ஏறி வராமல் தடுக்கத்தான். ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து, வாடகைக்கு எடுத்த சின்ன ரோலரை ஓட்டினோம். இறுகும்போது கனம் குறையும், அதனால் கணக்குக்குக் கால் பங்கு கூடுதலாகவே வாங்க வேண்டும்.

கொத்தனார் பாதையை மேஜை மாதிரி மட்டமாக முடிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. நடுவில் மூன்று அங்குலம் உயரம், இரண்டு ஓரமும் சரிவு. பார்ப்பதற்கு ஆமை முதுகு மாதிரி இருக்கும், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. சரள் பாதையைக் கெடுப்பது காரின் எடை இல்லை, தேங்குகிற தண்ணீர்தான். முதலில் பாதை ஓரத்து வாய்க்காலை வீட்டு மழைநீர் சேகரிப்புக் குழியில் சேர்த்தேன். ஒரே மழையில் வண்டல் போய் குழியை அடைத்துவிட்டது. இப்போது தனியாக ஒரு பள்ளம் வெட்டி உடைகல் நிரப்பி வைத்திருக்கிறேன்.

2023 டிசம்பர் மழைதான் உண்மையான பரீட்சை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. வரை கொட்டிய அதே மழை. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை என்றாலும் தெருவில் முழங்கால் தண்ணீர். வடிந்ததும் பார்த்தேன்: கேட்டோரம் இரண்டு சட்டி சரள் அரித்துப் போயிருந்தது, ஓரத்தில் தண்ணீர் அறுத்து ஒரு கோடு விழுந்திருந்தது. அரை நாள் வேலை. எதிர்வீட்டில் பேவர் பிளாக்குக்கு அடியிலிருந்த மண் கரைந்து, நடுவில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. அதுவரை "என்ன அண்ணாச்சி, இன்னும் பேவர் போடலையா?" என்று வாரம் ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டுக்காரர் அதோடு கேட்பதை நிறுத்திவிட்டார்.

பராமரிப்பு என்று பார்த்தால், மாதம் ஒரு தடவை ஓரத்துக்கு ஒதுங்கிய கல்லை வாரியால் நடுவுக்கு இழுத்துவிடுவேன். குழி விழுந்தால் மேலே கல்லைக் கொட்டி மூடக்கூடாது. அது நாலே நாளில் திரும்ப விழும். குழியைச் சதுரமாக வெட்டி, சேற்றை வழித்தெடுத்து, இரண்டு அடுக்காகப் போட்டு, நனைத்து, திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். புரட்டாசிக்குள் ஒரு சுற்று இதை முடித்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் நிம்மதி. கோரைப் புல்தான் தீராத தலைவலி. கிழங்கோடு எடுக்காவிட்டால் பத்தே நாளில் திரும்ப நிற்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆடிக் காற்றில் செம்புழுதி வீட்டுக்குள் வரும், வெள்ளை வேட்டியைக் கொடியில் போட முடியாது. ஸ்லைடிங் கேட் வைத்தது என் மடத்தனம். தண்டவாளத்தில் கல் விழுந்து பாதியில் நின்றுவிடும், குச்சியை வைத்து நோண்ட வேண்டும். கோலம் போட இடமில்லை என்று மனைவி முதல் வருஷமே சொல்லிவிட்டாள், கேட்டை ஒட்டி நாலடிக்கு சிமெண்ட் தளம் போட்டுக் கொடுத்தேன். ஒரு வசதி எதிர்பாராதது: ராத்திரி யார் நடந்தாலும் நறநறவென்று சத்தம் கேட்கும். பெரும்பாலும் நாய்தான்.

கார் இப்போது முன்பக்கமே நிற்பதால் கடைசிப் 15 அடி சும்மா கிடந்தது. அதைத் தோட்டமாக்கலாம் என்று மேலே கொஞ்சம் எருவைக் கொட்டி வெண்டை போட்டேன். நாலு இலை விட்டு அப்படியே நின்றுவிட்டது. ரோலர் ஓட்டி இறுக்கின இடத்தில் வேர் எங்கே இறங்கும்? இப்போது அங்கே தார்ப்பாய் விரித்து அம்மா மிளகாய் காயப்போடுகிறாள். தார்ப்பாய் இல்லாமல் ஒரு தடவை போட்டதில் சாம்பாரில் கல் கடிபட்டது, அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். இந்த வருஷத்துக்கு அரை யூனிட் சரள் சொல்லி வைத்திருக்கிறேன், டிராக்டர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.