ஃபோம் சேபரின் கிடைவால்: கீல் எலிவேட்டரா, முழுதும் அசையும் வாலா?

1953ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்க விமானப்படையின் 2ஆம் படையணி கொரியப் போரில் மஸ்டாங் உந்துசுழலி விமானங்களிலிருந்து எஃப்-86எஃப் சேபர் என்ற அமெரிக்கப் போர் ஜெட்டுக்கு மாறியது. அதனால் இந்நாட்டில் மாதிரி ஜெட் பறக்கவிடுவோருக்குச் சேபரின் மீது தனிப் பற்று உண்டு. கீல் எலிவேட்டருடன் (அசையாத கிடைவாலின் பின்விளிம்பில் கீலில் ஆடி, மூக்கை ஏற்றி இறக்கும் பகுதி) வரும் ஃபோம் மாதிரிச் சேபரை வாங்கியவர் அசல் விமானத்தின் படத்தை உற்றுப் பார்த்ததும், அதில் இருப்பதுபோல் கிடைவால் முழுவதையும் அசையுமாறு மாற்றிவிடலாமா என்று யோசிப்பது இயல்பு. டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள லெனேசியாவிலும் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் தமிழர்களுக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலோருக்குக் கீல் எலிவேட்டரை வலுப்படுத்துவதே மேல்.

அசல் விமானத்துக்கு அந்த வால் தேவைப்பட்டதன் காரணம் ஒலிவேகம். அதை நெருங்கும்போது கிடைவாலின் மேல் எழும் அதிர்வலைகள் எலிவேட்டரின் பலனைப் பெரிதும் குறைத்துவிடும். கீல் எலிவேட்டர் கொண்ட சோவியத் போர் ஜெட்டான மிக்-15க்கு எதிராகச் சேபருக்கு இருந்த அனுகூலங்களில் இதுவும் ஒன்று. மணிக்கு 150 கிலோமீட்டரில் பறக்கும் ஃபோம் ஜெட்டுக்கு அந்தச் சிக்கலே எழாது. மேலும், சேபரில் எலிவேட்டர் நீக்கப்படவில்லை. கிடைவாலோடு இணைக்கப்பட்டு அதுவும் சேர்ந்தே அசைந்தது. ஆகவே எலிவேட்டரை ஒட்டிவிட்டு முழு வாலைச் சுழற்றும் மாற்றம் அசலுக்கு நெருங்கி வருமே தவிர, அசலாகிவிடாது.

முழுதும் அசையும் வாலின் உண்மையான பலம் அதன் திருப்பும் ஆற்றல். நாண் (வாலின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள தூரம்) நீளத்தில் கால் பங்கு அகலமுள்ள எலிவேட்டர் 10 பாகை திரும்பினால், கோட்பாட்டின்படி முழு வால் ஏறக்குறைய 6 பாகை திரும்பியதற்கே அது ஈடாகும். ஆனால் அதே கணக்கு எதிர்ப்புறமும் வேலை செய்கிறது: சர்வோவின் (வாலைத் திருப்பும் சிறு மோட்டார்) பல்சக்கரத்திலும் அதை வாலோடு இணைக்கும் தள்ளுகம்பியிலும் சேர்ந்து 1 பாகை தளர்வு இருந்தால், கீல் எலிவேட்டரில் அதன் விளைவு 0.6 பாகையளவே, முழு வாலிலோ அந்த 1 பாகையும் அப்படியே விமானத்தின் மூக்கை ஆட்டும். உயர்தர உலோகப் பல்சக்கர சர்வோ இல்லாமல் இந்த வழியில் இறங்கவே கூடாது.

அடுத்தது, எல்லாவற்றிலும் கடினமானது, சுழலச்சின் இடம். வாலின் சராசரி நாணில் முன்விளிம்பிலிருந்து 25 விழுக்காட்டுக்குச் சற்று முன்னால், அதாவது 20 முதல் 23 விழுக்காட்டுக்குள், அச்சு அமைய வேண்டும். சேபரின் வால் பின்சாய்ந்தது என்பதால் இந்தப் புள்ளி உடற்பகுதியை ஒட்டிய நாணில் மிகவும் பின்தள்ளியே விழும். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்து நம்பாமல் முன்னுக்கு நகர்த்தினால் சர்வோ வீணாகச் சுமையைத் தாங்கும். அதைவிட ஆபத்தானது பின்னுக்கு நகர்த்துவது, ஏனெனில் அப்போது காற்றே வாலை மேலும் திருப்பப் பார்க்கும், கம்பி கழன்றால் வால் ஒரு பக்க எல்லைக்குப் போய் நின்றுவிடும். கார்பன் குழாயைப் பித்தளைக் குழாய்க்குள் சுழலவிட்டு, அந்தப் பித்தளையை ஃபோமில் நேரடியாக ஒட்டாமல் ஒட்டுப்பலகைத் துண்டுகளில் பதித்தால்தான் அச்சு அசையாமல் நிற்கும்.

கீல் எலிவேட்டரை வலுப்படுத்துவது இதனோடு ஒப்பிட்டால் எளிய வேலை. வார்ப்பிலேயே வரும் ஃபோம் கீல் நாளடைவில் விரிசல் விடும் என்பதால் அதை அறுத்து நைலான் கீல்களைப் பொருத்தலாம். எலிவேட்டரின் நீளவாக்கில் கார்பன் பட்டையைப் பதித்து, மெல்லிய கண்ணாடியிழைத் துணியை நீர் சார்ந்த பாலியூரித்தேன் வார்னிஷால் ஒட்டினால் முறுக்கம் வெகுவாகக் குறையும். முறுக்கம் குறைந்தால் வேகத்தில் வால் படபடத்துப் பிய்வதும் தள்ளிப்போகும். டர்பன் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று எஃகுக் கம்பிகளை அரிப்பதால், துருப்பிடிக்காத எஃகோ கார்பனோதான் தள்ளுகம்பிக்கு நல்லது.

கிடைவாலைப் பெரிதாக்கும் மூன்றாவது யோசனையும் சிலருக்கு உண்டு. எடை மையத்தைச் சரியாக வைத்தாலே தீரும் குறைக்குப் பலர் இதைத் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம். எடை மையத்திலிருந்து மூக்கைவிட வால் இருமடங்கு தொலைவில் இருந்தால், வாலில் கூடும் ஒவ்வொரு 10 கிராமுக்கும் மூக்கில் 20 கிராம் வேண்டியிருக்கும்.

உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்கில் காற்றின் அடர்த்தி டர்பனைவிட 15 விழுக்காடு வரை குறைவு. அங்கே தரையிறங்கும் வேகம் 8 விழுக்காட்டுக்கு மேல் கூடும். மூக்கின் ஆட்டத்தைக் காற்று அடக்கும் திறனும் குறையும். கூர்மையாகத் திரும்பும் முழு வால் அங்கே இன்னும் பதற்றமாகத் தோன்றும். அதையே விரும்புபவர் முதல் பறப்பில் அசைவை இருபுறமும் 6 பாகைக்குள் அடக்கி, தாராளமாக எக்ஸ்போ (கட்டுப்பாட்டுக் குச்சியின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் ரேடியோ அமைப்பு) வைக்கட்டும். கீல் எலிவேட்டருக்கு 10 முதல் 12 பாகை போதும்.