தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம்: தங்கப் போகிறவர்களுக்கு

குளித்தலை பக்கம் காவிரிக்கரையில் தண்ணீர்ப்பள்ளி என்ற ஊரில் இருக்கிறது சச்சிதானந்த ஆசிரமம் என்ற கத்தோலிக்க ஆசிரமம். எல்லோரும் சாந்திவனம் என்றே சொல்கிறார்கள். பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, நாள் முழுக்கப் பிரசங்கம் நடக்கும் தியானக் கூட்டங்களுக்குப் பழகியவர்களுக்கு முதல் நாள் இங்கே ஒன்றுமே நடக்காத மாதிரி தோன்றும். மணி அடிக்கிறது, கோவிலுக்குப் போகிறோம், வருகிறோம், தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், காய் நறுக்கித் தருகிறோம், மறுபடி மணி அடிக்கிறது. எனக்கு இந்த இடம் பிடித்ததே அந்த மணியால்தான்.

மூன்று வேளை ஜெபம். காலையில் நெற்றிக்குச் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் விபூதி. சந்தனம் இறைவனின் அருள் மணம், புருவ மத்தியில் வைக்கிற குங்குமம் உள்ளே திறக்க வேண்டிய ஞானக்கண், விபூதி என்பது அழுக்கெல்லாம் எரிந்து தீர்ந்தபின் மிஞ்சுகிற தூய்மை என்று விளக்கம் தருகிறார்கள். கடைசியில் ஆரத்தி. கருவறையை இந்துக் கோவில்களில் போல இருட்டாகவே வைத்திருக்கிறார்கள், அந்த இருட்டுக்குள்ளிருந்து சுடர் நம்மிடம் வருகிறது, கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். கிறிஸ்து உலகின் ஒளி என்று ஞானோபதேச வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன், ஆனால் அந்த வெளிச்சத்தின் சூடு உள்ளங்கையில் பட்டது இங்கேதான்.

1950இல் ஜூல்ஸ் மொன்சானின், ஆன்றி ல சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியது இது. பின்னவரைத்தான் அபிஷிக்தானந்தர் என்று அறிகிறோம். 1968இல் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் பொறுப்பேற்று, 1993இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, உபநிடத வரிகளையும் பக்திப் பாடல்களையும் ஜெபத்தில் சேர்த்து வாழ்ந்தவர்கள். இது கிறிஸ்தவமே இல்லை என்று கோபப்படுகிற கத்தோலிக்கர்கள் உண்டு, எதிர்ப்பக்கத்தில் இந்து அடையாளங்களை எடுத்துக்கொள்கிறார்கள் என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வருத்தத்தில் நியாயம் இருக்கிறது, அதை லேசாகத் தள்ள என்னால் முடியவில்லை. முதலாவதற்கு மட்டும் ஒன்று சொல்வேன்: தவக்காலம் தொடங்கும் புதனன்று நாமும்தான் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறோம், வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்து போகிறோம். இங்கே தினமும் நடக்கிற திருப்பலி முழுமையான திருப்பலி.

வசதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எளிய அறைகள், எளிய சைவச் சாப்பாடு, மரநிழல் நிறைய. ஏசி, பஃபே எதிர்பார்த்துப் போகிற இடம் இல்லை. சாப்பிடும்போது பேச்சு கிடையாது, குழந்தைகளோடு போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் நிறைய வருவதால் ஆங்கிலமும் அதிகம் கேட்கும்.

சரி, போய் வந்தால் என்ன மாறும்? அங்கே கிடைக்கிற அமைதி வீட்டில் குக்கர் விசில் வரும்வரைதான் என்று நினைப்பீர்கள், அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அந்த மூன்று வேளை ஒட்டிக்கொள்கிறது. காலையும் மாலையும் எப்படியோ நடந்துவிடும், நண்பகல்தான் கஷ்டம், ஏனென்றால் அப்போதுதான் மேலாளர் மீது எரிச்சல், கடன் தவணை பற்றிய கவலை, பக்கத்து மேஜைக்காரரோடு சண்டை எல்லாம் உச்சத்தில் இருக்கும். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் கண்ணை மூடினால் சண்டை போட்டவரிடம் போய்ப் பேசிவிடலாம் என்று தோன்றுகிறது, சில நாட்களில் பேசியும் விடுகிறேன். அப்புறம் யோசித்தால் இதில் புதிது எதுவுமில்லை. கோவில் மணி அடித்ததும் கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு மூவேளை ஜெபம் சொன்ன அம்மாச்சிகள் நம் வீடுகளிலேயே இருந்தார்கள். நாம்தான் விட்டுவிட்டோம். அதை மறுபடி பழக்கிவிட ஓர் இடம் இருக்கிறது என்பதற்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன்.

போவதானால் முன்கூட்டியே கேட்டு இடம் உறுதி செய்துகொள்ளுங்கள், ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பாமல் சில நாட்களாவது தங்குங்கள். திருச்சியிலிருந்து கரூர் போகிற வழிதான், குளித்தலைக்கு ரயிலும் உண்டு.