நீலப் பூவுக்குச் சங்குப்பூவா, பிளம்பேகோவா?

வேலியோரத்தில் ஆண்டுக்கணக்கில் நின்று நீலமாகப் பூக்க ஒரு செடி வேண்டும் என்று தேடியபோது என் முன் நின்றவை இரண்டு: சங்குப்பூக் கொடியும், கொடிவேலியின் உறவான பிளம்பேகோ புதரும். இரண்டையும் வளர்த்துப் பார்த்தபின் பிளம்பேகோவையே நிலைக்க விட்டிருக்கிறேன். ஆகவே இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

இரண்டுக்கும் நல்ல வெயிலும், நீர் தேங்காத மண்ணும் வேண்டும். வேர் பிடித்துவிட்டால் இரண்டுமே ஓரளவு வறட்சியைத் தாங்கும். நிறத்தின் ஆழத்தில் சங்குப்பூவே முந்தும். பிளம்பேகோவின் நீலம் வெளிர்ந்தது. கொத்துக் கொத்தாகப் பூப்பதால்தான் தூரத்திலிருந்தும் தெரிகிறது. வேகத்திலும் சங்குப்பூவே மேல். இரவு முழுதும் ஊறவைத்து விதைத்தால் இரண்டு மாதங்களுக்குள் பூவைக் காணலாம். பயறுக் குடும்பம் என்பதால் வேர்முடிச்சுகள் வழியே மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. சங்குப்பூ ஒவ்வொன்றும் ஒரே நாளில் வாடிவிடுகிறது. வாடிய இடத்தில் தட்டையான காய் நீள்கிறது. காய்கள் முற்ற விட்டால் செடியின் ஊட்டம் விதைக்குப் போய்ப் பூ குறைகிறது. ஆகவே பந்தலுக்குள் கைவிட்டு, இலை மறைவில் கிடக்கும் பச்சைக் காய்களைத் தேடித் தேடிப் பறிக்க வேண்டும். தப்பிய காய் வெடித்துச் சிதறினால் வேண்டாத இடமெல்லாம் நாற்று முளைக்கும். போதாததற்கு, கொடி முதிர முதிர அடித்தண்டு கட்டையாகி, இலையும் பூவும் உச்சிக்கு ஏறிவிடுகின்றன.

பிளம்பேகோவிலோ பூ புதுத் தளிரின் நுனியில்தான் வருகிறது என்பதால், கவாத்து செய்வதே பூக்க வைக்கும் வழியும் ஆகிறது. ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் பக்கத் தளிர்கள் கிளம்பி அடுத்த சுற்றுக்கு ஆயத்தமாகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை பாதிவரை வெட்டினாலும் செடி தாங்கும். இடையில் அன்றாடம் கைவைக்க வேண்டிய வேலை எதுவும் இல்லை.

தொல்லை இல்லாமலும் இல்லை. பூவின் புல்லிவட்டத்தில் பசை கசியும் சுரப்பி முடிகள் இருப்பதால், அருகே நடந்தாலே காய்ந்த பூக்கள் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. சாறு பட்டால் சிலருக்குத் தோல் எரியும் என்பதால் கையுறை அணிந்து வெட்டுவது நல்லது. அடியிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பிப் பரவும். நடைபாதையை ஒட்டி நடுவதைத் தவிர்க்க வேண்டும்.

தொட்டியில் வளர்த்த அனுபவம் எனக்குக் குறைவு. மேலே சொன்னவை தரையில் நட்ட செடிகளுக்கே பொருந்தும். ஒரே பருவத்தில் கம்பிவேலியை மறைக்க வேண்டியவர்களும், பூவைப் பறித்துப் பானத்துக்கு நிறமூட்ட விரும்புகிறவர்களும் தயங்காமல் சங்குப்பூவை விதைக்கலாம். உறைபனி விழும் இடங்களில் அதை ஓராண்டுச் செடியாகவே கொள்ள வேண்டும். பிளம்பேகோ, பனி லேசானதாக இருந்தால், மேல்பகுதி கருகினாலும் பெரும்பாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்த்துவிடும்.