க்ரிட்டில் பதினோரு வருடம்: கடைசி 2 சதவீத ஜாப்களின் கதை

செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதல் இயந்திரமான எல்.எச்.சி.யின் தரவை அலசுகிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அனுப்புகிற கணக்கு வேலைகளில், அதாவது ஜாப்களில், 98 சதவீதம் ஒரே ராத்திரியில் முடியும், மீதி 2 சதவீதம் ஒரு வாரம் இழுக்கும் என்பார்கள். 2014-ல் நான் எல்.எச்.சி.யின் பரிசோதனைகளில் ஒன்றான சி.எம்.எஸ். குழுவில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தபோது சீனியர் ஒருவர் சொன்ன முதல் பாடமே இதுதான். மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நாங்கள் க்ரிட் என்று சொல்லும் டபிள்யூ.எல்.சி.ஜி. என்பது 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கும் சுமார் 170 கணினி மையங்களின் கூட்டு. அவற்றில் அடுக்குகள் உண்டு: செர்ன் டியர்-0, அமெரிக்காவின் ஃபெர்மிலாப் போன்ற பெரிய மையங்கள் டியர்-1, அப்புறம் அடுத்த அடுக்கான டியர்-2. இந்தியாவில் சி.எம்.எஸ்.ஸுக்கு மும்பை டி.ஐ.எஃப்.ஆர்., ஆலிஸ் என்ற இன்னொரு பரிசோதனைக்குக் கொல்கத்தா வி.இ.சி.சி., இரண்டும் டியர்-2. தரவை நம் பக்கம் இழுக்காமல், தரவு இருக்கும் இடத்துக்கு நம் புரோகிராம் போய் ஓடும், அவ்வளவுதான். என் ஆய்வேட்டில் ஒரு வரைபடத்துக்கான கணக்கில் பாதி நெப்ராஸ்காவிலும் பாதி எஸ்டோனியாவிலும் ஓடியது. இரண்டு ஊரையும் நான் பார்த்ததில்லை.

உள்ளே நுழைவதுதான் எரிச்சல். நம் அடையாளத்தைக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் வாங்கி, பிரவுசரிலிருந்து எடுத்து, ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இரண்டு கோப்பாகப் பிரித்து, சாவிக் கோப்பின் அனுமதியை 400 என்று மாற்றி, அதற்கப்புறம் அதை வைத்து ப்ராக்ஸி என்ற தற்காலிக அனுமதிச்சீட்டை உருவாக்க வேண்டும். எனக்கு இதற்கே நான்கு நாள் போனது. ப்ராக்ஸி கட்டளையில் 192 மணி நேரம் என்று கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் எழுந்ததும் அதுவும் காலாவதியாகியிருக்கும். புதிதாக வருகிற மாணவர்கள் இன்றைக்கும் இதே இடத்தில்தான் முழிக்கிறார்கள்.

ஜாப் தோற்றால் ஓர் எண் வரும். 8028 என்றால் கோப்பைத் திறக்க முடியவில்லை. 50660 என்றால் நினைவகம் அளவை மீறியது. 2016-ல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாநாட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஐரோப்பாவில் ஒரே மையத்துக்குப் போன ஜாப்கள் மட்டும் வரிசையாக 50660 என்று விழுந்தன. மையத்தின் மேல்தான் கோளாறு என்று முடிவுகட்டி, கொஞ்சம் சூடாகவே டிக்கெட் (புகார்) போட்டேன். திங்கள்கிழமை பதில் வந்தது, கோபமே இல்லாமல், என் ஜாப் ஒவ்வொரு நிகழ்வுக்கும் (பதிவான ஒரு துகள் மோதலுக்கும்) நினைவகத்தை எப்படித் தின்றுகொண்டே போகிறது என்று ஒரு வரைபடத்தோடு. ஒரு ஹிஸ்டோகிராமை லூப்புக்குள் உருவாக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன், விடுவிக்கவே இல்லை. மற்ற மையங்களிலும் அதே தவறுதான், அங்கே கோப்புகள் சின்னதாக இருந்ததால் அளவைத் தொடும் முன்பே ஜாப் முடிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த அட்மின் என் புரோகிராமை இவ்வளவு பார்த்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

அதற்குப் பிறகுதான் க்ரிட்டில் சேரும் நாடுகளின் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். எந்த நாடு எவ்வளவு சிபியு, எவ்வளவு டிஸ்க் தரும், டியர்-2 என்றால் 95 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அப்படியானால் 5 சதவீதம் படுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் முன்பே ஒப்புக்கொண்டதுதானே! என் 2 சதவீதம் ஏன் மிஞ்சுகிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

பதிலுக்கு நாங்களும் இறங்கி வந்து தரவைச் சுருக்கினோம். மினிஏஓடி என்ற சுருக்கிய தரவு வடிவம் பழைய வடிவத்தின் பத்தில் ஒரு பங்குதான். அடுத்து வந்த நானோஏஓடியில் ஒரு நிகழ்வுக்கு ஒன்றிரண்டு கிலோபைட் போதும். எனக்குப் பிடித்த மாறி ஒன்று அதில் இல்லை என்று ஆறு மாதம் புலம்பினேன். இப்போது இரண்டு நாள் வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிறது.

2017 நவம்பரில் இத்தாலியில் ஒரு பெரிய மையத்துக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்து வெள்ளம் புகுந்தது. மீள மாதக்கணக்கானது. எங்கள் குழுவில் யாருடைய வேலையும் நிற்கவில்லை, ஜாப்கள் வேறு மையங்களுக்குப் போயின, அவ்வளவுதான். தனிக் கிளஸ்டர் வைத்திருந்தால் அந்த வருடமே போயிருக்கும்.

குறை இல்லையா? நிறைய. டேப்பில் இருக்கும் தரவை டிஸ்க்குக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு ஊருக்கே போய் வந்துவிடலாம். ஆவணங்கள் பாதி பழசு, உண்மையான கையேடு பக்கத்து மேசைக்காரரின் தலைக்குள் இருக்கிறது. உங்கள் தரவு நான்கைந்து டெராபைட்தான் என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள், நல்ல சர்வர் ஒன்று போதும். பெட்டாபைட் என்றால் வேறு வழி கிடையாது, வாருங்கள், டிக்கெட்டை மட்டும் மரியாதையாக எழுதுங்கள்.

நேற்று ராத்திரி 1,200 ஜாப் அனுப்பினேன். இப்போது 1,176 முடிந்திருக்கிறது. மீதி 24-ஐ மறுபடி அனுப்பியாயிற்று, ப்ராக்ஸியில் இன்னும் 31 மணி நேரம் இருக்கிறது.