மூன்று வார விடுமுறையில் ஒரு ஜோடி லென்ஸ்

வெளிநாட்டில் இருப்பவர்களிடம், ஊருக்குப் போனால் முடிக்க வேண்டிய வேலைகள் என்று எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். இந்த முறை என் பட்டியலில் முதலிடம் காண்டாக்ட் லென்ஸுக்கு. வலது கண் மைனஸ் 6. இடது மைனஸ் 5.50, கூடவே 1.25 சிலிண்டர், அதாவது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்யும் பவர். நாற்பத்தாறு வயதில் எதற்கு இந்த ஆசை என்று வீட்டில் கேட்டார்கள். முப்பது வருடம் மழையில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நடந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது?

முதலில் நுழைந்த கடையில் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. என் கண்ணாடியை வாங்கிப் பவர் பார்த்தார்கள். அதே எண்ணில், ஒரு மாதம் வரை போடும் மாத லென்ஸ் ஒரு ஜோடியை நீட்டினார்கள். கண்ணை யாரும் பார்க்கவில்லை. சிலிண்டரைப் பற்றிக் கேட்டதற்கு, "கொஞ்சம்தானே சார், பழகிவிடும்" என்றார்கள். பழகவில்லை. பெயர்ப் பலகைகளின் எழுத்துக்கெல்லாம் இடது கண்ணில் ஒரு நிழல் ஒட்டிக்கொண்டது. மாலையானால் தலைவலி.

நான்காம் நாள் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். லென்ஸ் பிரிவில் இருந்த பெண் என்னை உடனே திருப்பி அனுப்பிவிட்டார். "லென்ஸைக் கழற்றிவிட்டுச் சில நாள் கண்ணாடியோடு இருங்கள் சார். அதன் பிறகுதான் அளவு சரியாக வரும்." இருப்பதே மூன்று வாரம், அதில் மூன்று நாள் இப்படிப் போகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

மறுமுறை போனபோது கருவிழியின் வளைவை அளந்தார்கள். மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் கண்ணீர்ப் படலத்தைப் பார்த்தார்கள். தலைவலியின் காரணமும் அங்கேதான் தெரிந்தது. கண்ணாடி கண்ணிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கண்மேலேயே உட்காருகிறது. அதனால் கண்ணாடியில் மைனஸ் 6 என்றால் லென்ஸில் 5.50 போதும். கடை கொடுத்தது அரை எண் அதிகம்.

நான் கேட்டுப் போனது ஆர்ஜிபி எனப்படும் கடின லென்ஸ். பார்வை துல்லியமாக இருக்கும், நெடுநாள் உழைக்கும் என்று படித்திருந்தேன். இரண்டும் உண்மைதான். கூம்பு போல் துருத்திய கருவிழிக்காரர்களுக்கு அதுவே பெரிய வரம். ஆனால் பழகவே ஓரிரு வாரம் பிடிக்கும், இடையில் அளவைத் திருத்த வேண்டியும் வரலாம். "நீங்கள் பழகி முடிக்கும் நேரத்தில் விமானத்தில் இருப்பீர்கள், திருத்துவது யார்?" என்றார் லென்ஸ் பிரிவுப் பெண். பதில் இல்லை. விடுமுறையில் வந்து தொடங்கக்கூடிய லென்ஸ் அல்ல அது.

இடது கண்ணுக்கு, சிலிண்டரையும் சேர்த்துச் சரிசெய்யும் டோரிக் மென் லென்ஸைப் போட்டுப் பார்த்தார். அதன் அடியில் நூலிழை போல் ஒரு கோடு. சிலிண்டருக்குத் திசை உண்டு என்பதால் லென்ஸ் சுழலக் கூடாது. அந்தக் கோடு கடிகாரத்தின் ஆறு மணி இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். சிமிட்டச் சொன்னார். முதல் லென்ஸில் கோடு சாய்ந்தே நின்றது. வேறு வடிவமைப்பில் இன்னொன்று. இருபது நிமிடம் கழித்துப் பார்த்தபோதும் அசையவில்லை. பரிசோதனைப் பலகையின் கடைசிக்கு முந்திய வரி நிழல் இல்லாமல் தெரிந்தது.

மாத லென்ஸா, தினசரியா? வாரத்தில் மூன்று நான்கு நாள்தான் போடப்போகிறேன்; திரவம், டப்பி, தேய்த்துக் கழுவுவது எல்லாம் என் சோம்பலுக்குச் சரிவராது. இரவு கழற்றி எறிந்துவிடும் தினசரி லென்ஸையே எடுத்தேன். கணினி முன்னால் சிமிட்ட மறக்கும் ஆள் என்பதால், ஆக்சிஜன் நன்றாகப் புகும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் வகை. லென்ஸைப் போட்டுக்கொண்டு குளிக்கவும் தூங்கவும் கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை மூக்கருகே வைத்துப் பார்ப்பது என் வழக்கம். லென்ஸை அப்படிக் கழற்ற முடியுமா? கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து உதவும் மல்டிஃபோகல் லென்ஸையும் காட்டினார். சிலிண்டரோடு அதையும் சேர்த்துச் சரிபார்க்க நாள் போதாது. படிப்பதற்கு மட்டும் மெல்லிய கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டேன். கண்ணாடியிலிருந்து தப்ப வந்தவனுக்கு இன்னொரு கண்ணாடி! வீட்டில் சிரித்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கடைசிப் பரிசோதனை. பவர், வளைவு, விட்டம், சிலிண்டரின் திசை, லென்ஸின் பெயர் எல்லாம் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி, பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டேன். விமானக் காற்று உலர்ந்தது என்பதால் திரும்பும்போது பழைய கண்ணாடிதான்.