சிறு குழந்தையின் மைக்ரேனுக்குக் குளிர் ஜெல் தொப்பி: வாங்கலாமா?

இணையக் கடைகளில் மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) தொப்பி என்று விற்கப்படும், ஃப்ரீசரில் குளிரவைத்துத் தலையில் அணியும் ஜெல் தொப்பியை எங்கள் ஏழு வயது மகளுக்காக வாங்கி, சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். விலை 500 ரூபாயை ஒட்டியது. பொருள் பயனுள்ளதுதான், ஆனால் விற்பவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

குழந்தைகளுக்கு வரும் ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் நெற்றி முழுவதும், இரு பக்கமும் வலிக்கும். பெரியவர்களுக்குக் குறைந்தது 4 மணி நேரம் நீடிக்கும் வலி, குழந்தைகளுக்கு 2 மணி நேரத்திலேயே அடங்கிவிடலாம். ஆனால் அதற்குள் குமட்டலும் வாந்தியும் வந்து, வெளிச்சமோ சத்தமோ தாங்காமல் குழந்தை துவண்டுவிடும். ஆகவே, வலி தொடங்கியவுடன் என்ன செய்கிறோம் என்பதே முக்கியம். குளிர்ச்சி தோலுக்கடியில் உள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கி, வலியுணர்வை ஓரளவு மந்தப்படுத்துகிறது. இந்தத் தொப்பி செய்யும் வேலை அவ்வளவே.

முதல் குறை அளவு. எல்லோருக்கும் பொருந்தும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், இது பெரியவர்களின் தலைக்காகத் தைக்கப்பட்டது. எங்கள் மகளுக்கு அது மூக்கு வரை சரிந்து, கண்களை முழுவதுமாக மூடிக்கொண்டது. இருட்டு இதமளிக்கும் என்றாலும், திடீரென்று ஒன்றும் தெரியாமல் போனால் குழந்தை மிரண்டுவிடுகிறது. வாந்தி வரும்போது அவசரமாகக் கழற்றவும் முடிவதில்லை. கம்பளிக் குல்லாயைப் போல் விளிம்பை மேலே மடித்துவிட்டால் கண்கள் வெளியே தெரியும், நெற்றியில் ஜெல் இரண்டு அடுக்காகப் படியும். கனம் அதிகம் என்பதால் படுத்த நிலையில்தான் அணிவிக்க முடிகிறது.

இரண்டாவது குறையைப் பெட்டியைப் பிரித்த உடனேயே உணர்ந்தோம்: கடுமையான ரப்பர் வாசனை. மைக்ரேன் வந்த குழந்தைக்கு வாசனையே எதிரி என்பது தயாரித்தவர்களுக்குத் தோன்றவில்லை போலும். மிதமான சோப்பு நீரில் துடைத்து, நிழலில் காற்றாட வைத்த பிறகே அது குறைந்தது. ஃப்ரீசரில் திறந்தபடி வைத்தால், பக்கத்தில் இருக்கும் மீனின் வாடையையும் துணி இழுத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பையில் போட்டு வைப்பது அவசியம். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடனே தலையில் வைக்காமல், சில நிமிடங்கள் வெளியே வைத்து, மெல்லிய பருத்தித் துணியை இடையே விரித்து, 15 நிமிடங்களுக்கு மேல் போகாமல் அணிவிக்கிறோம். தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்று என் மாமியார் முதலில் அஞ்சினார். தைலம் தேய்த்தபோது அந்த நெடியாலேயே வாந்தி எடுத்த பேத்தி, தொப்பியோடு தூங்கிப்போனதைப் பார்த்த பிறகு அவரே எடுத்துத் தருகிறார்.

விளம்பரத்தில் உள்ள 'மருந்தில்லா நிவாரணம்' என்ற சொற்றொடரை நான் ஏற்கவில்லை. குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் எழுதித் தந்த இபுப்ரோஃபென் அல்லது பாராசிட்டமாலை வலியின் தொடக்கத்திலேயே கொடுப்பதுதான் முதன்மைச் சிகிச்சை. ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்குத் தரவே கூடாது. வலி மாத்திரையை அடிக்கடி கொடுத்தால் அதுவே தலைவலியை வளர்த்துவிடும். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொடர்ந்து காலையில் வாந்தி, நடையில் தள்ளாட்டம், காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு ஆகியவை தென்பட்டால் தொப்பியைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இத்தனைக்குப் பிறகும் இதை நான் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. முன்பெல்லாம் எங்கள் மகளுக்கு வலியைச் சொல்லத் தெரியாது. முகம் வெளுத்து, விளையாட்டை விட்டுவிட்டு மூலையில் சுருண்டுகொள்வாள், நாங்கள் பசி என்றோ பிடிவாதம் என்றோ நினைத்துக்கொண்டிருப்போம். இப்போது "அம்மா, தொப்பி" என்று அவளே கேட்கிறாள். அந்த இரண்டு சொற்களால் மருந்தும் உரிய நேரத்தில் உள்ளே போய்விடுகிறது. வாந்தி வரை போகும் நாட்கள் குறைந்திருப்பதற்கு, குளிர்ச்சியைவிட இதுவே பெரிய காரணம் என்று எண்ணுகிறேன்.

பள்ளிக்கு இது உதவாது. அங்கே ஈரக் கைக்குட்டையும், ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைத்த ஓர் இருட்டறையும்தான் துணை. மறுபடி வாங்குவதாயின் முழுத் தொப்பியைத் தவிர்த்து, நெற்றியையும் பிடரியையும் மட்டும் சுற்றும் பட்டை வடிவத்தை, உறையைக் கழற்றித் துவைக்கும் வகையில் பார்த்து, இரண்டாக வாங்குவேன். ஒன்று குளிர்ச்சி இழந்து மறுபடி உறைவதற்குச் சில மணி நேரம் ஆகிவிடுகிறது.