வெனிஸில் தனியாக மீன் சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

வெனிஸ் போகும் திட்டத்தில் இருப்பவர்கள், அதுவும் சாப்பாட்டுக்காகவே தனியாகப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். சான் மார்க்கோ சதுக்கத்திலிருந்து ரியால்டோ பாலத்துக்குப் போகும் சந்துகளில் உள்ள ஒரு உணவகத்தில், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு என்னிடம் 160 யூரோ 72 சென்ட் கேட்டார்கள். ஒரே ஆளுக்கு. ஒயின்கூட இல்லை, வெறும் தண்ணீர்.

நான் தூத்துக்குடிக்காரி. மீனுக்காகவே ஊர் ஊராகப் போகிற ஆள். வாசலில் நின்றவர் கொடுத்த ஆங்கில மெனுவில் கிரில் செய்த பிரான்ஸினோ 9.50 என்று போட்டிருந்தது. பிரான்ஸினோ அந்தப் பக்கத்துக் கடல் மீன். வெள்ளைச் சதை, ருசி நம்ம கொடுவாவை ஒட்டி வரும். முழு மீனே 9.50தானா என்று கேட்டேன். "ஆமாம், உங்களுக்குச் சின்ன மீனாகவே எடுத்துத் தருகிறேன்" என்றார். ஐஸ் பரப்பிய தட்டில் மீன்களைக் கொண்டுவந்து காட்டியபோது, இருந்ததிலேயே சிறியதைத்தான் காட்டினேன். 400 கிராம் இருக்கும். மீனைப் பார்த்து எடை சொல்வது எங்கள் ஊரில் பெரிய வித்தை இல்லை.

மீன் வருவதற்கு முன்னால் இறால், கணவாய், மத்தி என்று ஒரு கலவைத் தட்டை வைத்தார். நான் கேட்கவில்லையே என்றதற்கு, "இது எங்கள் சமையல்காரர் அனுப்பியது" என்று சிரித்துவிட்டுப் போனார். அப்புறம் மீன் வந்தது, தலையும் முள்ளும் எடுத்து இரண்டு துண்டாக. தலை எங்கே என்று கேட்டேன். எனக்குத் தலைதான் வேண்டும். அதை எறிந்துவிட்டதாகச் சொன்னார். தலையும் முள்ளும் இல்லாத மீனின் முழு எடை என்னவென்று யாரும் சரிபார்க்க முடியாது என்பது பில் வந்தபோது விளங்கியது.

மீனுக்கு 104.50. கலவைத் தட்டுக்கு 28. தண்ணீருக்கு 6. கோபெர்த்தோ என்று மேசைக்கு உட்கார்ந்த கட்டணம் 5. இதற்கெல்லாம் மேலே சர்வீஸ் 12 சதவீதம்.

9.50 எப்படி 104.50 ஆனது? இத்தாலியில் முழு மீனை எட்டோ கணக்கில் விற்பார்கள். ஒரு எட்டோ என்றால் 100 கிராம். இத்தாலிய மொழி மெனுவை வாங்கிப் பார்த்தால் அதில் விலைக்குப் பக்கத்தில் எட்டோ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. எனக்குக் கொடுத்த ஆங்கில மெனுவில் அந்தச் சொல்லே கிடையாது. அதை மறுபடி கொண்டுவரச் சொன்னேன், கடைசி வரை வரவில்லை. என் மீன் 11 எட்டோவாம். அதாவது ஒரு கிலோ 100 கிராம்! தட்டில் வந்த இரண்டு துண்டும் என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. எட்டோ கணக்கையே ஒத்துக்கொண்டாலும் 400 கிராமுக்கு 38 யூரோதான். நான் கேட்காத தட்டை விட்டுவிட்டு நியாயமாகக் கூட்டினால் மொத்தம் 55 யூரோவைத் தாண்டாது.

எட்டோ கணக்கில் விற்பதே மோசடி என்று நான் சொல்லவில்லை. நல்ல கடைகளில் மீனை எடை போட்டு, இத்தனை கிராம், இவ்வளவு ஆகும், சமைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார்கள். அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள். சொன்ன தொகையை அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மெனுவில் விலைக்குப் பதிலாக எஸ்.கியூ. என்ற எழுத்துகள் இருந்தால், எடைக்கோ அன்றைய விலைக்கோ ஏற்றபடி வாங்குவோம் என்று பொருள். அங்கேயும் தொகை கேட்காமல் தலையாட்டாதீர்கள். கோபெர்த்தோவும் சர்வீஸும் மெனுவில் அச்சடித்திருந்தால் மட்டுமே கேட்கலாம்.

எடை போட்ட சீட்டைக் காட்டச் சொன்னேன், இல்லை என்றார்கள். பில்லும் கையால் எழுதிய துண்டுக் காகிதம். அதன்பின் ஸ்கோன்ட்ரினோ கொடுங்கள் என்றேன். வரிக்கணக்கில் ஏறும் அச்சிட்ட ரசீது அது. கொடுக்க மறுத்தால் 117க்குப் போன் போடுவேன் என்றும் சொன்னேன். அது க்வார்தியா தி ஃபினான்ஸாவின் எண். வரி ஏய்ப்பு, பொருளாதாரக் குற்றங்களைப் பார்க்கும் போலீஸ். அதுவரை உரக்கப் பேசிக்கொண்டிருந்தவர் உள்ளே போய் வேறொருவரைக் கூட்டி வந்தார். கலவைத் தட்டும் சர்வீஸும் போயின. மீனைக் குறைத்தார்கள். கடைசியில் 90 யூரோவில் நின்றது. இரவு நேரம், தெரியாத ஊர், என்னைச் சுற்றி மூன்று பேர். கொடுத்தேன்.

கார்டு மெஷினிலும் ஒரு வேலை. யூரோவா ரூபாயா என்று திரை கேட்டபோது, என்னைக் கேட்காமலே ரூபாயை அழுத்தப் போனார். ரூபாயில் போட்டால் மாற்று விகிதத்தை அவர்கள் பக்கம் வைப்பார்கள், நமக்குத்தான் நஷ்டம். தேர்வு செய்யும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்கு. யூரோவிலேயே கட்டுங்கள், மெஷினை உங்கள் கையில் வாங்கி அழுத்துங்கள்.

இன்னொன்று. அந்த மீன் அன்று காலை ரியால்டோ சந்தையில் வாங்கியது என்று பெருமையாகச் சொன்னார். நான் சாப்பிட்டது திங்கட்கிழமை. ரியால்டோ மீன் சந்தை செவ்வாய் முதல் சனி வரைதான், ஞாயிறும் திங்களும் விடுமுறை. மறுநாள் சந்தைக்குப் போனபோதுதான் இது தெரிந்தது. கொதித்துப் போனேன்.

இது எனக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2018 ஜனவரியில் இதே ஊரில் நான்கு ஜப்பானிய மாணவர்களிடம் ஒரு சாப்பாட்டுக்கு 1,100 யூரோவுக்கு மேல் வாங்கி, அது உலகச் செய்தியானது. நான்கு பேருக்கே அந்த நிலை. தனியாகப் போனால் நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் சாதிக்கும்போது, இல்லை, நானும் கேட்டேன் என்று சொல்லப் பக்கத்தில் ஆள் கிடையாது. அதனால் உட்கார்ந்ததும் மெனுவைப் போட்டோ எடுத்துவிடுங்கள், இரண்டு மொழியிலும். வேண்டாத தட்டு வந்தால் தொடாமல் திருப்பி அனுப்புங்கள்.

வெனிஸில் தனியாள் சாப்பிட பாகரோ என்ற சின்ன ஒயின் கடைகள்தான் சரி. கன்னாரேஜோ பக்கம் மிசெரிகோர்தியா கால்வாய்க் கரையில் வரிசையாக இருக்கின்றன. கண்ணாடிக்குள் சிக்கேத்தி என்ற சிறு தீனிகள் அடுக்கியிருக்கும். பெரும்பாலும் துண்டுக்கு இவ்வளவு என்று விலை போட்டிருப்பார்கள். நின்றபடியே சாப்பிடலாம். மத்தியைப் பொரித்து வெங்காயம், வினிகர், உலர் திராட்சை போட்டு ஊறவைக்கும் சார்தே இன் சாவோர், காய்ந்த காட் மீனை ஆலிவ் எண்ணெய் விட்டு வெண்ணெய்போல் அடித்து ரொட்டியில் தடவித் தரும் பக்கலா மந்தெகாத்தோ இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

கூடுதலாக வாங்கிய பணத்துக்காக என் கார்டு வங்கியில் புகார் பதிந்து, இத்தாலிய மெனுவின் படத்தையும் துண்டுக் காகிதத்தையும் ஸ்கோன்ட்ரினோவையும் இணைத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. இதே மாதிரி புகார் கொடுத்துப் பணம் திரும்பப் பெற்றவர்கள் யாராவது இருந்தால், வங்கி வேறு என்ன ஆதாரம் கேட்டது என்று சொல்லுங்கள்.